கறுப்பா இருந்தாலும்

வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை என்னை ஒரே மாதிரிதான் அறிமுகப்படுத்துவார். "இவதான் எங்க மருமக. கறுப்பா இருந்தாலும் களையா இருப்பா." வந்தவர்கள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். களையா இருப்பா என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் வாய் வலிக்குமா? அந்த 'இருந்தாலும்' எதற்கு? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஒரு சொல்லோடு எனக்கு மல்லுக்கட்டு.

என் கணவரிடம் முறையிட்டால், "அம்மா உன்னைப் பாராட்டத்தானே செய்றாங்க" என்பார். அவருக்கு அம்மாவின் நிறம். வேறென்ன சொல்வார்?

மாமா வேறு ரகம். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். கண்ணில் அழுத்தம் கூடிக் கூடி, எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்துப் பார்வை முழுக்கப் போய்விட்டது. அதன் பிறகு எங்கள் இருவருக்கும் நன்றாக ஒட்டிக்கொண்டது. காரணம் என் வேலை. பார்வையில்லாதவர்கள் படம் பார்ப்பதற்காக விவரணை எழுதி, அதை நானே பேசிப் பதிவு செய்கிறேன். 'கதவு மெல்லத் திறக்கிறது. அவள் விளக்கை அணைக்கிறாள்.' இப்படி. வசனத்தின் மேல் ஏறிப் பேசக்கூடாது. பாத்திரங்கள் வாய் மூடும் சந்துகளில் புகுந்து, சுருக்கமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். நான் செய்த படங்களை முதலில் கேட்பவர் மாமாதான். "நீ சொன்னா எனக்கு அப்படியே தெரியுதும்மா" என்பார். அலுவலகத்தில் கொடுக்கும் எந்தப் பாராட்டையும் நான் இதற்கு ஈடாக வைக்க மாட்டேன்.

மாமாவுக்கு வாழ்க்கையில் பெரிய பெருமை ஒன்று உண்டு. அவர் மனைவி சினிமாவில் நடித்தவர். அவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் அத்தையின் அக்கா ஒரு படக் கம்பெனியில் உடை தைத்துக்கொண்டிருந்தாராம். கூடப் போன தங்கையைப் பார்த்துவிட்டு ஒரு படத்தில் சின்ன வேஷம் கொடுத்தார்களாம். மனதைக் குழப்பும் மர்மப் படம். ஒரு வாரம் ஓடிப் பெட்டிக்குள் போய்விட்டது. பிரதியும் தொலைந்துவிட்டது. மாமா அதைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அத்தையை "நடிகையே, தண்ணி கொண்டா" என்றுதான் கூப்பிடுவார். பக்கத்து வீடு, எதிர் வீடு, மருந்துக் கடைக்காரர் வரைக்கும் அந்தக் கதை தெரியும். என்ன வேஷம் என்று கேட்டால் மட்டும் அத்தை, "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு" என்று அடுப்பங்கரைக்குப் போய்விடுவார்.

அந்தப் படம் எங்கோ ஒரு கிடங்கில் அகப்பட்டது. தூசு தட்டிச் சீர்ப்படுத்தி, மறுபடி வெளியிடுவதற்காக விவரணைக்கு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் சொன்னதும் மாமா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நிஜமாவா? அப்ப இவ வரும்போது நல்லா விவரமா சொல்லணும் நீ. எப்படி இருக்கா, என்ன உடுத்தியிருக்கா, எல்லாம்."

"சொல்லிட்டாப் போச்சு மாமா."

அத்தைக்கு அன்று மாலையே தலைவலி வந்துவிட்டது.

கறுப்பு வெள்ளைப் படம். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் பெரிய வீட்டுக்கு வருகிறாள். அந்த வீட்டில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஒவ்வொரு சாவுக்கும் முன்னால், ஊமையான வேலைக்காரி ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறாள். முகம் கன்னங்கரேலென்று இருக்கும். வெறுமனே பார்ப்பாள். பின்னணியில் வயலின் கீச்சிடும். படம் பார்ப்பவர்கள் எல்லோரும் அவளைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று ஏற்பாடு. கடைசியில் கொலைகாரன், தேனாகப் பேசும் குடும்ப டாக்டர் என்று தெரியவரும். வேலைக்காரி என்ன ஆனாள் என்று யாரும் கேட்பதில்லை. படம் முடிந்துவிடும்.

நான் படம் முழுக்க அத்தையைத் தேடினேன். விருந்துக் காட்சியில் ஆடும் பெண்கள், மருத்துவமனை நர்சுகள், தோழிகள் என்று சிவந்த முகமாகப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை. முன்னும் பின்னும் ஓட்டினேன். எங்கேயும் இல்லை. எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. அதை நல்ல சந்தோஷம் என்று சொல்ல முடியாது. இத்தனை வருடங்களாக நடிகை, நடிகை என்று பூரித்தது அத்தனையும் புளுகு! விவரணையை மளமளவென்று எழுதினேன். 'மெலிந்த இளம்பெண் காரிலிருந்து இறங்குகிறாள். உயரமான டாக்டர் கைகுலுக்குகிறார். ஜன்னலில் ஒரு கறுத்த வேலைக்காரி நிற்கிறாள்.'

சாப்பிடும்போது நான்தான் ஆரம்பித்தேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"அத்தை, படம் பூரா சல்லடை போட்டுத் தேடிட்டேன். உங்களைக் காணோமே?"

மாமாவின் கை தட்டில் அப்படியே நின்றது. "நல்லாப் பாத்தியாம்மா?"

"ஒவ்வொரு காட்சியா நிறுத்திப் பாத்தேன் மாமா. அத்தை இல்லை."

"வெட்டியிருப்பாங்க" என்றார் அத்தை, தட்டைப் பார்த்தபடி.

"அப்படி வெட்டின மாதிரியும் தெரியலையே" என்றேன். வேண்டுமென்றேதான். "நீங்க வேற ஏதாவது படத்தை நினைச்சுக்கிட்டு இருக்கீங்களோ?"

கணவர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். மாமா மெதுவாக, "மருந்துக்கடைக்காரர்கிட்டகூட சொல்லி வெச்சிருக்கேனே" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் தண்ணீர் கேட்டபோது, "நடிகையே" வரவில்லை. "ஏய்" என்றும் வரவில்லை. என் பெயரைச் சொல்லி என்னிடம் கேட்டார். அத்தை அடுப்பங்கரை வாசலில் சொம்போடு நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கு நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நான் இருக்கேன்" என்றார்.

"எங்க?"

"படத்துல. ஜன்னல்கிட்ட நிப்பாளே."

எனக்குப் புரியவில்லை. "அந்த வேலைக்காரியா?"

"நான்தான். சாயம் பூசி விட்டாங்க."

பேச்சு வெளியே கேட்கக்கூடாது என்று அத்தை கதவைப் பாதி சாத்தினார். அந்த வேஷத்துக்கு முதலில் வேறொரு பெண்ணை வரவழைத்திருந்தார்களாம். நல்ல கறுப்பு. இயக்குநர் அவளை நிற்கவைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, கறுப்பாக இருக்க வேண்டும், ஆனால் களையாகவும் இருக்க வேண்டும், இவளிடம் ஒன்றுதான் இருக்கிறது என்றாராம். அப்போது உடைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அத்தை அவர் கண்ணில் பட்டிருக்கிறார்.

"அப்புறம் அந்தப் பொண்ணு?" என்றேன்.

"போகலை. தினமும் வரச் சொன்னாங்க."

"எதுக்கு?"

அத்தை தலையணை உறையை நீவிவிட்டார். "பெயிண்ட் கடையில நிறம் பாக்க அட்டை வெச்சிருப்பாங்கல்ல? அது மாதிரி. மேக்கப்காரர் என் கன்னத்துல பூசுவாரு, அவ கையைப் பிடிச்சு என் கன்னத்து பக்கத்துல வெச்சுப் பார்ப்பாரு. இன்னும் கொஞ்சம்னு சொல்லிட்டு மறுபடி பூசுவாரு. படப்பிடிப்பு முடியற வரைக்கும் அவ என் பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தா. ஒரு நாள் சாயம் சரியா ஒட்டலைன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

என் உடம்பு கொதித்தது. என் கையை நானே பார்த்துக்கொண்டேன். "கேக்கவே அசிங்கமா இருக்கு அத்தை" என்றேன்.

"தெரியும்" என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "இதை எப்படி அவர்கிட்ட சொல்றது? சிவப்பா, அழகா ஏதோ நாட்டியக்காரி மாதிரி வந்தேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு மனுஷன். நீ ஒண்ணு பண்ணு. அந்த வேஷத்துக்கு ஒரு வார்த்தை வசனம் கிடையாது. நீ சொல்லலைன்னா அவருக்கு அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது. விட்டுடு."

"விட்டா, நீங்க இத்தனை வருஷமா பொய் சொன்னீங்கன்னு ஆயிடும்."

"பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன்."

மறுநாள் அலுவலகத்தில் அந்தக் காட்சிகளை மறுபடி ஓட்டினேன். ஜன்னல் காட்சியை முழுத் திரைக்குப் பெரிதாக்கினேன். இப்போது தெரிந்தது. காது மடலுக்குக் கீழே சாயம் சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் கழுத்து வெளுப்பாக இருக்கிறது. உள்ளங்கையில் சாயம் திட்டுத் திட்டாக இருக்கிறது. வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடது முழங்கையைப் பிடித்தபடி நிற்கிறாள். அத்தை இன்றைக்கும் அடுப்பங்கரை வாசலில் அப்படித்தான் நிற்பார். தினமும் பார்க்கிற நிலை. என் கோபம் இன்னும் ஏறியது. என் ஆத்திரத்தில் ஒரு சுகமும் இருந்தது. இனிமேல் அந்த 'இருந்தாலும்' வாய்க்கு வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தலைமை எழுத்தாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கத்தரி. ஒரு வரியில் நான்கு சொல் இருந்தால் ஒன்றை வெட்டாமல் விடமாட்டார். நான் எழுதியிருந்த விவரணையைக் கேட்டுக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்த 'கறுத்த' எதுக்கு?"

"அந்த வேலைக்காரி கறுப்பா இருக்காளே."

"கதாநாயகி என்ன நிறம்?"

"சிவப்பு."

"எழுதலையே? டாக்டர்?"

"அவரும்தான். அதை யாராவது எழுதுவாங்களா மேடம்? சாதாரணமா இருக்கறதை..."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. கத்தரி திரையிலிருந்து கண்ணை எடுத்து, என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததை நான் கவனித்துவிட்டேன் என்று தெரிந்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் காது இரண்டும் சுட்டது. சாதாரணம் என்று நான் யாரைச் சொன்னேன்? அத்தையை ஒரு நாள் முழுக்க மனதுக்குள் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். நான் எழுதியதோ இது.

"நிறம் சொன்னா எல்லாருக்கும் சொல்லு. இல்லைன்னா யாருக்கும் சொல்லாதே" என்றார் கத்தரி. குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

"அது அவங்க நிறமே இல்லை மேடம். சாயம்."

"பார்க்கறவங்களுக்குத் தெரியுதா?"

"காதுகிட்ட தெரியுது."

"அப்ப தெரியறதை எழுது."

அத்தை கேட்டபடி விட்டுவிடலாமா என்று அப்போதும் யோசித்தேன். அந்த இடங்களில் வயலின்தான் இருக்கிறது, நான் பேசாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் வீட்டில் மாமா கூப்பிடாமல் இருப்பதும், அத்தை சொம்போடு நிற்பதும் நான் செய்து வைத்தது. பொய்க்காரி என்ற பட்டத்தை என் வாயால் கட்டிவிட்டேன். அதை என் வாயால்தான் அவிழ்க்க முடியும். அவிழ்த்தால் இன்னொன்று வெளியே வரும். இரண்டில் எது அத்தைக்குக் குறைந்த அவமானம் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதினேன். பேசிப் பதிவும் செய்தேன்.

வீட்டில் அத்தையிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "விடலை அத்தை. உங்க பேரைச் சொல்லலை. ஆனா உள்ளதை எழுதியிருக்கேன்."

அத்தை என்னைத் திட்டவில்லை. "அவர் கண்டுபிடிக்க மாட்டார்" என்றார், தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோல.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா கூடத்தில் உட்கார்ந்தார். ஒலிபெருக்கியில் போடச் சொன்னார். "நீ பண்ணினதாச்சேன்னு கேக்கறேன். மத்தபடி இந்தப் படத்துல எனக்கு ஒண்ணும் இல்லை" என்றார். அத்தைக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார். அத்தை அடுப்பங்கரை வாசலை விட்டு நகரவில்லை.

கார் வந்து நின்றது. கதாநாயகி பேசினாள், டாக்டர் பேசினார். வயலின் கீச்சிட்டது. என் குரல் வந்தது: 'ஜன்னலுக்கு வெளியே ஒரு வேலைக்காரி. முகத்தில் கறுப்புச் சாயம் பூசியிருக்கிறது. காது மடலுக்குக் கீழே சாயம் நின்றுபோய்க் கழுத்து வெளுப்பாகத் தெரிகிறது. முதுகுக்குப் பின்னால் வலது கையால் இடது முழங்கையைப் பிடித்தபடி நிற்கிறாள்.'

"நிறுத்து" என்றார் மாமா.

நிறுத்தினேன்.

"திரும்பப் போடு."

போட்டேன். முழங்கை வந்ததும் மாமாவின் முகம் மலர்ந்தது. அத்தை நின்ற பக்கம் சரியாகத் திரும்பினார்.

"நடிகையே! நீதானே அது?"

அத்தை முழங்கையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார்.

"எனக்குத் தெரியாதா உன் முழங்கையை? கண்ணு தெரிஞ்ச காலத்துல பாத்ததுதானே. இருக்கா! பொய் சொல்லலை!" தொடையில் தட்டிச் சிரித்தார். கண் ஓரத்தில் ஈரம். "இதைச் சொல்றதுக்கு என்ன? பேய் மாதிரி வேஷம் கட்டினா என்ன, வேஷம்தானே?" சிரிப்பு மெல்ல அடங்கியது. எதையோ யோசித்தவராக, "ஆமா, எதுக்குச் சாயம் பூசினாங்க? நிஜமாவே கறுப்பா ஒரு பொண்ணு கிடைக்கலையா அவங்களுக்கு?" என்றார்.

அவர் சும்மாதான் கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்துவிடும். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஒருத்தி கிடைச்சா" என்றார் அத்தை. "என் பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தா. அவ கையைப் பாத்துப் பாத்துத்தான் எனக்குப் பூசினாங்க."

பிழை திருத்தும் காலத்தில் மாமா, ஏதாவது தப்பு தென்பட்டால் வரியை விரலால் தொட்டுக்கொண்டு நின்றுவிடுவார் என்று அத்தை சொல்லியிருக்கிறார். அப்படி உட்கார்ந்திருந்தார்.

"யார் அது? எப்படி இருந்தா?"

"நம்ம மருமக மாதிரி."

"இவ மாதிரியா?" மாமா என் பக்கம் தலையைத் திருப்பினார். "இவ முகம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மூக்கு நுனி கொஞ்சம் அகலம். சிரிச்சா ஒரு பக்கக் கன்னத்துல மட்டும் குழி விழும். புருவம் ரெண்டும் கிட்டத்தட்ட சேர்ந்திருக்கும். அந்தப் பொண்ணுக்கும் அப்படியா?"

அத்தை வாயைத் திறந்தார். எதையோ தேடுவதுபோலக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் வேலையில் எத்தனையோ முகங்களை நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு வெட்கத்தை ஒரு முகத்தில் பார்த்ததில்லை.

"தெரியலைங்க" என்றார் கடைசியில். "தினமும் பக்கத்துலதான் இருந்தா. அவ கையைத்தான் பாத்தேன். முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியலை."

மாமா மெதுவாகத் தலையாட்டினார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. ஏதோ ஒன்று இடிப்பதுபோல நெற்றியைத் தேய்த்துவிட்டு, என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, நீதான் ஒவ்வொரு காட்சியா நிறுத்திப் பாத்தேன்னு சொன்னியே. தினமும் இவ கையால சாப்பிடறே. உனக்கு ஏன் இவ முகம் தெரியலை?"

அத்தையும் என்னைப் பார்த்தார். என்னைக் காப்பாற்ற நினைத்தாரோ என்னவோ, "சாயத்துல எப்படிங்க தெரியும்?" என்றார்.

"சாயம்னு இவளுக்கு அப்பத் தெரியாதே" என்றார் மாமா.

அந்தப் படத்தில் என் பங்குக்கு எத்தனையோ சந்துகளில் தயங்காமல் பேசியிருக்கிறேன். இந்தச் சந்து எனக்குப் பெரிதாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"கறுப்பா இருந்தா மாமா" என்றேன். "அதுக்கு மேல நான் பாக்கலை."